அளக்காமல் விட்ட கலங்கல்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருந்தால் அதுவே போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாடிப்படி ஏறும்போது நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு நொண்டுகிறார். அண்ணன் வீடு மாறுகிறேன் என்று தன் சாமான்களை எல்லாம் நம் கூடத்தில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான், நடக்க வழியில்லை. போனில் பேசினால் நீ பாதியிலேயே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் என் மாணவி உன் ஊருக்கு வருகிறாள் என்றதும் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நான் வளர்த்து அனுப்பிய பாக்டீரியாச் சவ்விலிருந்து வெளிச்சத்தைப் பிடிக்கும் புதுப் புரதம் ஒன்றைப் பிரித்துவிட்டேன், ஒளியை உறிஞ்சும் உச்சி யாரும் பார்க்காத அலைநீளத்தில் இருக்கிறது என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வகம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். அந்த உச்சியை நாமும் கண்ணால் பார்ப்போமே என்று மிச்சமிருந்த சவ்வைக் கருவியில் வைத்தேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை. பழைய உச்சி பழைய இடத்திலேயே இருந்தது. பிறகு சவ்வைக் கரைக்க நீ சேர்க்கும் டிடர்ஜென்ட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன், விட விட உச்சி நகர்ந்து நீ சொன்ன இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. டிடர்ஜென்ட் இல்லாத கரைசலை ஊற்றி நீர்க்கச் செய்ததும் பழையபடி திரும்பிவிட்டது. புதுப் புரதம் எதுவும் இல்லையடி. வளையமாகச் சேர்ந்திருக்கும் பழைய புரதத்தை டிடர்ஜென்ட் பிய்த்துப் போடுகிறது, நீ பார்த்தது அந்தத் துண்டைத்தான். வழக்கமாகப் போடுவதுதானே என்பாய். நீ இத்தனை வருஷமாக வைத்திருக்கும் பாக்டீரியாவின் வளையம் அதைத் தாங்கும், நான் அனுப்பிய இந்த நோஞ்சான் தாங்காது. டிடர்ஜென்ட் போடாத வெறும் சவ்வு கலங்கலாக இருக்கிறது, வரைபடத்தில் கோடு ஆடுகிறது என்று நீ அதை அளக்காமலே விட்டாய், அங்கேதான் கோட்டை விட்டாய்.

அப்பாவிடம் சொன்னேன். அவ வேலை நீட்டிப்பே இதை நம்பித்தான் இருக்கு, பெத்த பிள்ளை பிழைப்புல நீயே மண்ணள்ளிப் போடுறியே என்று கத்தினார். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு மட்டும் பயமில்லையா, சோறு இறங்கவில்லை. ஆனால் நீ பேசப்போகும் மாநாட்டில் மேடையேறிச் சொன்ன பிறகு வேறொருவர் இதைக் கண்டுபிடித்தால், அதற்கப்புறம் நீ எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள், சொல்.

மிச்சச் சவ்வை ஐஸ் பெட்டியில் வைத்து மாணவியிடம் கொடுத்திருக்கிறேன். வெறும் சவ்வை முதலில் அள, அளந்த கையோடு உன் பேராசிரியரிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், இதிலிருந்தும் தலைநிமிர்ந்து வெளியே வருவாய். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சவ்வு கொடுத்தவள் என்பதால் நீ பேசும் அன்று என்னையும் அரங்கில் உட்காரச் சொல்லி உன் பேராசிரியர் அழைத்திருக்கிறார், வருவதாகச் சொல்லிவிட்டேன். உங்கள் ஆய்வகத்திலும் இதைப் பார்த்தீர்களா என்று யாராவது கேட்டால் நான் எழுந்து இல்லை என்றுதான் சொல்வேன். என்னை அப்படி எழுந்திருக்க வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலையும் போனையும் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா