பாட்டு நின்றால் பெட்டியும் நிற்கும்

என் பாசமுள்ள அப்பாவுக்கு,

உங்கள் ஸ்டெல்லா எழுதுகிறேன். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாமல் இன்றைக்கு உட்கார்ந்திருப்பதற்குக் கோபம்தான் காரணம். செத்தவர்மேல் கோபப்படக் கூடாதுதான். வந்துவிட்டதே, என்ன செய்ய?

முதலில் சேதி. நான் நம் கோயில் பாடற்குழுவில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். முப்பது வருஷம் நீங்கள் முன்னால் நின்று பாடிய அதே குழுவில், சுருதியும் தெரியாமல் தாளமும் தெரியாமல், நாற்பத்து மூன்று வயதில் போய் நிற்கிறேன். நானாகப் போகவில்லை. உங்களுக்குப் பிறகு குழுவைப் பார்த்துக்கொள்கிற செலின் அக்கா வீடு தேடி வந்தார். "உங்கப்பா நின்ன இடம் காலியா கெடக்குது, பாக்கவே முடியல. அவரு ரத்தம்தானே உனக்கும் ஓடுது, வந்து நில்லு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பாடத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பாட வராது என்று சொல்ல வாய் வரவில்லை. உங்கள் மகள் என்று கூப்பிட்டது ஆசையாகவும் இருந்தது.

ஆறு வாரம் என்ன செய்தேன் தெரியுமா? வாயை மட்டும் அசைத்தேன். சனிக்கிழமை பயிற்சியிலும் அசைத்தேன், ஞாயிறு பூசையிலும் அசைத்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு அது பழகிப்போன வேலைதானே.

பன்னிரண்டு வயதில் பழகியது. வீட்டில் செபமாலை முடிந்து மாதா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தி, "ஸ்டெல்லா, நீ வாய மட்டும் அசை சாமி, போதும்" என்றீர்கள். திட்டியிருந்தால்கூட அழுதுவிட்டு மறந்திருப்பேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, கொஞ்சலாகச் சொன்னீர்கள். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில், கல்யாணத்தில், எங்கேயும் நான் சத்தம் விட்டுப் பாடியதே இல்லை.

போன புதன்கிழமை, தெற்குத் தெரு ரோசம்மா பெரியம்மாவின் அடக்கம். வேலை நாள் என்பதால் குழுவில் இருந்து வந்தது செலின் அக்காவும் நானும் மட்டும். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும், பாட்டில்லாமல் பெட்டி நகரக் கூடாது. குழு முன்னால் பாடிக்கொண்டு போனால்தான் தூக்குகிறவர்கள் அடி எடுத்து வைப்பார்கள். பாட்டு நின்றால் பெட்டியும் நின்றுவிடும். மைக் கிடையாது, கீபோர்டு கிடையாது.

அக்காவுக்கு நான்கு நாளாகச் சளி. அப்படியும் உங்கள் சுருதியில்தான் பாட்டை எடுத்தார். குறைத்து எடுத்தால் உங்களுக்கு மரியாதை இல்லையாம். கோயிலில் இருந்து கல்லறைக்குப் போகிற வழியில், கடத்தூர் ரோட்டைத் தாண்டும்போது இருமல் வந்து அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பெட்டி நடுரோட்டில் நின்றது. இந்தப் பக்கம் அரூர் பஸ், அந்தப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி. உச்சி வெயில். பெரியம்மாவின் மகன் தலைமாட்டைத் தோளில் தாங்கிக்கொண்டு என்னையே பார்க்கிறார். அக்கா என் முதுகில் கை வைத்து, "எடு ஸ்டெல்லா, எடு" என்கிறார், காற்று மட்டும் வருகிறது.

ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பஸ்காரர் ஹாரன் அடித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். கீழே, வெகு கீழே எடுத்துவிட்டேன், உங்கள் சுருதியில் பாதிகூட இல்லை. முதல் வரியிலேயே இரண்டு இடத்தில் பிசகியது. என் குரலைக் கேட்க எனக்கே அவமானமாக இருந்தது.

அப்போது பின்னால் ஓர் ஆண்குரல் சேர்ந்தது. அப்புறம் இன்னொன்று. பெட்டி நகர்ந்தது. ரோட்டைத் தாண்டுவதற்குள் வந்திருந்த அத்தனை பேரும் பாடினார்கள் அப்பா, எப்போதும் கடைசியில் ஊர்க்கதை பேசிக்கொண்டே வருகிறவர்கள் உட்பட.

மண் போட்டு முடித்ததும், பெட்டி தூக்கிய ஆரோக்கியம் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "உங்கப்பா எடுத்தா கேக்கறதுக்கு அருமையா இருக்கும் கண்ணு. நாங்க எட்டிப் புடிக்க முடியுமா? கூடச் சேந்தா மொறைப்பாரு வேற. எத்தனையோ பேரத் தூக்கியிருக்கேன், இன்னைக்குத்தான் நானும் பாடியிருக்கேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. உங்களைக் குறை சொல்கிற பேச்சைக் கேட்டுப் பெற்ற மகள் சந்தோஷப்படலாமா? எத்தனை மழையில், எத்தனை பேர் பெட்டிக்கு முன்னால் நடந்திருக்கிறீர்கள். நாதியில்லாதவர்கள் சாவுக்கும் வேலையை விட்டுவிட்டுப் போவீர்கள். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று இருக்கிறது எனக்கு. அதே குரலுக்குப் பயந்துதான் ஊரே வாயை மூடிக்கொண்டு நடந்ததா? உங்களுக்கு அது தெரியுமா, தெரியாமலே போய்விட்டீர்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அடக்கத்தன்று நான் பாடவில்லை. குழுவில் இருந்தவர்கள் அழுதுகொண்டே பாடினார்கள், நான் உதட்டை அசைத்துக்கொண்டு நடந்தேன். நீங்கள் பெட்டிக்குள் இருக்கும்போதும் உங்களுக்குப் பயந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் நடந்ததை எல்லாம் அம்மாவிடம் சொன்னேன். நீங்கள் போனதில் இருந்து அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உங்களைப் பேசியது பிடிக்கவில்லை போல என்று நான் எழுந்துகொண்டேன்.

"எங்கூர்ல நானும் பாடற்குழுலதான் இருந்தேன்" என்றாள்.

மறுபடி உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா சொல்ற? ஒரு நாளும் சொன்னதே இல்லையே."

"கல்யாணமாகி இங்க வந்த மொத ஞாயித்துக்கெழம பூசையில பாடுனேன். வூட்டுக்கு வந்து, உன் குரலு என் குரலோட ஒட்டலன்னாரு. அதோட உட்டுட்டேன்." இன்னும் இரண்டு காயை நறுக்கினாள். "சனிக்கெழம எத்தன மணிக்குப் போற?"

ஆறு மணிக்கு என்றேன்.

நாளைக்குத்தான் சனிக்கிழமை. அம்மா இன்றைக்கு மத்தியானமே புடவை எடுத்து வைத்துவிட்டாள். தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் குடிக்கிறாள். உங்கள்மேல் எனக்குப் பாசம் குறையவில்லை அப்பா, கோபமும் ஆறவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நாளைக்கு அம்மாவை நானே கூட்டிக்கொண்டு போவேன். எழுபது வயதில் அவளிடம் என்ன மிச்சம் இருக்கிறதோ, அது முழுசாக வெளியே வருகிறவரை ஒருவரையும் குறுக்கே பேச விடமாட்டேன். எங்கள் அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று நம் குடும்பத்தில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். எங்களுக்குச் சொல்லாமலே போய்விட்டீர்கள்.

உங்கள் மூத்த மகள்,
ஸ்டெல்லா