மாதிரிக்கு ஒரு மரண அறிவித்தல்

யூலை 7, திங்கள்

வலைத் தொழில்நுட்பப் பாடத்தின் செயற்றிட்டத் தலைப்புகள் இன்று முடிவாகின. பதினொரு குழுக்கள். ஒன்பது குழுக்கள் இணையக் கடை கட்டுகின்றன. வருடாவருடம் என் மாணவர்கள் கட்டிய கடைகளில் இதுவரை ஒரு சோடிச் செருப்புக்கூட விற்றதில்லை. ஒரு குழுவுக்கு நூலகம். மிஞ்சியது சாருஜாவின் குழு. அவர்களுக்கு மரண அறிவித்தல் தளம் வேண்டுமாம்.

"சேர், எங்கடை ஆக்கள் ஒவ்வொரு நாளும் தவறாமல் பாக்கிற ஒரே பக்கம் உதுதானே," என்றாள். மறுக்க முடியவில்லை. நானே பல் தீட்ட முன்னர் அதைத்தான் பார்க்கிறேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேறு தலைப்பு எடுக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

யூலை 9

எழுதிவிடுகிறேன், இதை வேறு யாரும் வாசிக்கப் போவதில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் அம்மாவின் மரண அறிவித்தலைத் தட்டச்சுச் செய்தவன் நான். கணினி படித்த பிள்ளைக்குச் செத்த வீட்டில் கிடைக்கும் வேலை அதுதான். "நிலூபாவின் அன்பு மாமியாரும்" என்றுதான் முதலில் அடித்தேன். லண்டனிலிருந்து சித்தப்பா போன் எடுத்தார். "அந்தப் பேர் வேண்டாமடா. சனம் கதைக்கும்."

கோபி அண்ணை நிலூபா என்ற முஸ்லிம் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்து புத்தளத்தில் இருப்பது ஊருக்கே தெரியும். பிறகு சனத்துக்குப் புதிதாகக் கதைக்க என்ன இருந்தது? அதை நான் கேட்கவில்லை. அழித்தேன். சித்தப்பா இருந்தது லண்டனில். விசையை அழுத்தியது என்னுடைய விரல்.

அண்ணையும் மச்சாள் நிலூபாவும் வந்தார்கள். சுன்னாகத்தில் எங்கள் வாசற்படலைக்கு முன்னால் இருக்கும் லைற் கம்பத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலை நின்று வாசித்தார்கள். அண்ணை மட்டும் உள்ளே வந்து, அம்மாவின் காலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அன்றோடு கதை பேச்சு நின்றது. என் போன் இலக்கத்தையும் தடுத்து வைத்திருக்கிறார்.

ஒருமுறை என்னோடு கதைத்தால் போதும். ஏசினாலும் பரவாயில்லை.

யூலை 16

சாருஜா குழுவின் படிவத்தைச் சோதித்தேன். இறந்தவர் பெயர்: "ககக". பிறந்த இடம்: "ககக". இப்படிச் சோதித்தால் ஒன்றும் தெரியாது, எங்கள் ஆட்களின் உறவுப் பட்டியல் வந்தால் பக்கமே உடைந்துவிடும், உண்மையான ஓர் ஆளின் விவரத்தைப் போடுங்கள் என்றேன்.

எல்லாரும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்கள்.

"உயிரோடை இருக்கிற ஆளின்ரை பேரை எப்பிடிச் சேர் அதிலை போடுறது?"

மூன்றாம் வருடக் கணினி விஞ்ஞான மாணவர்கள்! மூடநம்பிக்கை பற்றி ஐந்து நிமிடம் பிரசங்கம் செய்தேன். முடிந்ததும் சாருஜா மரியாதையாகக் கேட்டாள்: "அப்ப சேரின்ரை பேரைப் போடுவமோ?"

பிரசங்கம் செய்தவனுக்கு வேறு வழி ஏது? நானே இருந்து அடித்தேன். நிருஷன், வயது 34, தற்காலிக விரிவுரையாளர். அனுப்பினால் சிவப்பு எழுத்து வருகிறது: மைத்துனர், மைத்துனி பெயரை நிரப்பவும்.

"இது ஏன் கட்டாயம்?"

"விட்டால் ஆக்கள் கோவிப்பினம் சேர். ஒரு நோட்டீசாலை எங்கடை சொந்தத்துக்கை ரெண்டு பகுதி இன்னும் கதைக்கிறேல்லை."

நிலூபா என்று அடித்தேன். படிவம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அம்மா செத்தபோது சாருஜா பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்திருப்பாள்.

யூலை 18, காலை

நான் இறந்துவிட்டேன்.

தளத்தைப் பொதுவில் போடலாமா என்று நேற்று மாணவர்கள் கேட்டார்கள். போடுங்கள் என்றேன். பொதுவில் போட முன் சோதனைத் தரவை அழிக்க வேண்டும் என்பது என்னுடைய நான்காவது விரிவுரை. அவர்களும் மறந்தார்கள், நானும் மறந்தேன். பின்னேரமே முகநூல் பக்கம் ஒன்று என் அறிவித்தலைப் படம் பிடித்துப் போட்டுவிட்டது.

விடியற்காலையிலிருந்து போன். எடுத்து "நான்தான் கதைக்கிறன்" என்றால் அழுகை நின்று கோபம் வருகிறது. துறைத்தலைவர் கனகலிங்கம் இரங்கற் செய்தியையே எழுதி முடித்திருந்தார். "ஈடுசெய்ய முடியாத முதுநிலை விரிவுரையாளர்." ஐந்து வருடமாக என் நியமனத்தை நிரந்தரமாக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. முதுநிலை ஆக்க ஓர் இரவு போதுமாக இருந்திருக்கிறது.

லண்டனிலிருந்து சித்தப்பாவும் போன் எடுத்தார். "சாகேல்லையோ? சரி, நல்லது. அதை விடு, உந்தப் பேரை ஏன் போட்டனி?"

"எந்தப் பேர் சித்தப்பா?"

அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. போனை வைக்கும்போது, "கொண்ணன் கோபியும் வெளிக்கிட்டிட்டானாம். விடியவே பஸ் ஏறிட்டினமாம். போன் ஓஃபாக் கிடக்கு," என்றார்.

செத்த வீடென்றால் கோபதாபம் பார்க்காமல் வெளிக்கிடுவதுதான் எங்கள் வழக்கம். அதைக்கூட நான் யோசிக்கவில்லை. மச்சாளின் இலக்கம் என்னிடம் இல்லை, ஒருநாளும் கேட்டதில்லை. ஐயோ, நான் செத்தனெண்டு நினைச்சுக்கொண்டு அந்த மனுசன் ஏழு மணித்தியாலம் பஸ்ஸிலை இருக்கப்போறார். எப்பிடி நிப்பாட்டிறது இதை?

அதே நாள், பின்னேரம்

படலைக்கு வெளியே வீதியில் நின்றேன். உள்ளே நின்றால் என்னைக் கிடத்தியிருப்பதாக நினைத்துக்கொண்டு வருவார்கள்.

மத்தியானம் தாண்டி ஓர் ஓட்டோ வந்து நின்றது. அண்ணை இறங்கினார். தலை நன்றாக நரைத்துவிட்டது. கிட்ட வந்து என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அதே கையால் அறைந்தார். பிறகு ஓட்டோச் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சத்தமாக அழுதார். நானும் அழுதேன். ஓட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

பின்னால் மச்சாள் இறங்கினா. கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெட்டை, நாலு வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சித்தப்பா மவுத்தாயிட்டார் எண்டு சொன்னீங்களே உம்மா," என்றாள், ஏமாந்த குரலில்.

அண்ணைக்கு ஒரு பிள்ளை, எனக்கு ஒரு பெறாமகள் இருப்பது இன்றுதான் தெரியும். பெயர் ஆரணி. என் அறிவித்தலில் பெறாமக்களுக்கும் ஒரு பெட்டி இருந்தது. அது கட்டாயமில்லை என்பதால் வெறுமையாக விட்டிருந்தேன்.

மச்சாள் படலையைத் தாண்டவில்லை.

"என்ரை பேரைப் போட்டிருக்கிறீங்க. நீங்களாப் போட்டீங்களா, தம்பி?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். "அந்தப் பெட்டியை நிரப்பாமல் அனுப்ப ஏலாது மச்சாள்," என்றேன்.

"மாமிக்கு அடிச்ச நோட்டீசிலை?"

"முதல் போட்டனான். பிறகு அழிச்சனான். நான்தான்."

மச்சாள் படலையைத் திறந்தா. பிறகு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து, தேத்தண்ணிக்குக் கேத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டா. அண்ணை வரவில்லை. வெளியே மதிலோடு சாய்ந்து நின்றபடியே பிளேன்ரீயை வாங்கிக் குடித்தார்.

யூலை 19

கன்னம் இன்னும் நோகிறது. அண்ணை ஒரு சொல்லும் சொல்லாமல் நேற்றுப் பின்னேரமே ஐந்து மணி பஸ்ஸுக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மச்சாள் மட்டும் தன்னுடைய இலக்கத்தைத் தந்தா.

யூலை 28

செயற்றிட்ட மதிப்பீடு. சோதனைத் தரவை அழிக்காததற்கு விதிப்படி ஐந்து புள்ளிகள் குறைக்க வேண்டும். தவறு மேற்பார்வையாளருடையது என்று எழுதிவிட்டுக் குறைக்காமல் விட்டேன். சாருஜா குழுவுக்குத்தான் அதிக புள்ளி. என் அறிவித்தல் இருந்த வரியை மட்டும் தரவுத்தளத்திலிருந்து அழித்திருக்கிறாள்.

கனகலிங்கம் சேர் இரங்கற் செய்தியைக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறார். "எண்டைக்கோ ஒருநாள் தேவைதானே, நிருஷன்." நியமனம் பற்றிக் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாமாம்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

காலை முழுவதும் அம்மாவின் அறிவித்தலைத் திரும்ப அடித்தேன். நாலு வரிக்கு நாலு மணித்தியாலம். "கோபிசங்கர், நிருஷன் ஆகியோரின் பாசமிகு தாயாரும், நிலூபாவின் அன்பு மாமியாரும், ஆரணியின் அன்பு அப்பம்மாவும் ஆவார்." ஆறு வருடம் பிந்திய அறிவித்தலை எந்தப் பத்திரிகை போடும்? மச்சாளின் இலக்கத்துக்கு மட்டும் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு அந்த இலக்கத்திலிருந்து அழைப்பு. ஆரணி.

"சித்தப்பா, நீங்க சாப்பிட்டாச்சா எண்டு அப்பா கேக்கச் சொன்னாங்க."

"இல்லையம்மா, இன்னும் சாப்பிடேல்லை."

அவள் அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு தூரத்திலிருந்து அண்ணையின் குரல்.

"மணி ரெண்டாகுது. ஏனாம்?"