டிராகனுக்கு நாலு கால்

பங்குனி, சனிக்கிழமை இரவு

இங்கே நோர்வேயில், ட்வெய்ட்டாவில் உள்ள அக்காவின் வீட்டில் இன்று ஒரு கலியாணமே குழம்பப் பார்த்தது. நான் இருந்தபடியால் தப்பியது.

அக்காவின் மகள் நிலானிக்குச் சீன மாப்பிள்ளை. அவனுடைய தாய், சீன அரசிகள் மணநாளில் உடுத்ததைப் போலத் தைப்பித்த சிவப்பு அங்கியை விரித்துக் காட்டினார். பொன்னூலில் ஒரு பறவையும் டிராகனும்.

"சாதகத்திலை நாகதோஷம் இருக்கிற பிள்ளைக்குப் பாம்புச் சட்டையோ? உடுக்க விடமாட்டன்!" என்றாள் அக்கா. நிலானியின் கண் கலங்கிவிட்டது.

சீன வரலாறு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "அக்கா, பறவை அரசி, டிராகன் அரசன். சிவனும் பார்வதியும் மாதிரி," என்றேன்.

"கதை அளக்காதை தம்பி. பாம்பு பாம்புதான்."

"எந்தப் பாம்புக்குக் கால் இருக்கு? எண்ணிப் பாரன்!"

அக்கா கண்ணாடி போட்டு எண்ணினாள். நாலு கால், காலுக்கு நாலு நகம். ஐந்து நகம் பேரரசருக்கு மட்டுமாம். மாப்பிள்ளையின் தாய் நோர்வேஜிய மொழியில் சொன்னார். எனக்குத் தெரியும், சொல்ல மறந்துவிட்டேன். ஆனால் ஏன் ஐந்து? அதைக் கேட்க வேண்டும்.

அக்கா நிமிர்ந்தாள். "ஓம், பாம்பில்லை. உடும்பு. உடும்புக்குத் தோஷமில்லை, உடுக்கட்டும்."

"என்ன சொல்கிறார்?" என்று மாப்பிள்ளையின் தாய் என்னைக் கேட்டார்.

"அரசனை வணங்குகிறாராம்," என்றேன்.