பன்னிரண்டு தோல் துணுக்குகள்

மார்ச் 3, திங்கள்

பன்னிரண்டாவது துணுக்கிலும் பூஜ்ஜியம். நாங்கள் தேடும் செல் ஒன்றுகூட இல்லை.

அண்ணா திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மூத்த ஆராய்ச்சி மாணவர், ஆய்வகத்தில் எல்லோருக்கும் அண்ணா. "நீ கொண்டு வர்ற வழியிலயே கெட்டுப் போகுது போல. ஓடி வர்றியா, இல்ல வேடிக்கை பாத்துட்டு வர்றியா?"

தோல் பிரிவிலிருந்து ஆய்வகத்துக்கு நான்கு நிமிடம். ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஓடுகிறேன். "சரிண்ணா" என்றேன்.

எது சரி?

மார்ச் 4, செவ்வாய்

அம்மா வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கென்று தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். கையில் இருக்கும் சிவந்த செதில்கள் ஒட்டிக்கொள்ளுமாம். நான்கு வருடம் அந்தக் கையால் மடித்த போர்வைகள் யாருக்கும் ஒட்டவில்லையா?

ஒட்டாது என்று அம்மாவுக்குச் சொன்னேன். அழற்சி வந்த தோல், கீமோகைன் என்ற சிறு புரதத்தைக் கசியவிடும். ரத்தத்தில் போகும் சில காவல் செல்களின் மேற்பரப்பில் அதைப் பிடிக்கும் ஏற்பி இருக்கும்; துணுக்குகளில் நாங்கள் தேடுவது அந்தச் செல்களைத்தான். புரதம் எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கம் நகர்ந்து அவை தோலுக்குள் வந்து குவியும். வந்தவை இன்னும் ஆட்களைக் கூப்பிடும்.

"அப்ப என் தோலுதான் கூப்பிடுதா? ஒரு டீ குடிக்கக்கூட என்னை யாரும் கூப்பிடுறதில்ல" என்றாள்.

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5, புதன்

வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி ஆய்வகக் கூட்டம். பன்னிரண்டு துணுக்கும் கெட்டவை என்று ஒதுக்கிவிட்டு, எடுத்துவரும் வேலையை வேறு ஆளிடம் கொடுக்கப் போகிறார்களாம். ஐந்தாவது துணுக்கு அம்மாவுடையது. ஆய்வில் சேரச் சொன்னதே நான். குழாயில் எண் மட்டும்தான் இருக்கும். அவள் கையில் தையல் போடும்போது பக்கத்தில் நின்றவளுக்கு எண் மறக்குமா?

மார்ச் 6, வியாழன்

அம்மா வந்ததும் வராததுமாகப் புலம்பினாள். "புதுசா வந்தவ ராத்திரி பூரா பிளீச்சிங்ல ஊறப் போட்டுட்டா. அழுக்கும் போச்சு, வார்டு முத்திரையும் போச்சு. இனி எந்தப் போர்வை எந்த வார்டுதுன்னு எவளுக்குத் தெரியும்?"

சோறு அப்படியே இருந்தது. கை கழுவிவிட்டு என் குறிப்பேட்டை எடுத்தேன்.

தோலை, புரதத்தைக் கரைக்கும் நொதியில் ஊறவைத்துத்தான் செல்களைப் பிரிக்கிறோம். நாங்கள் ஊறவைப்பது ராத்திரி முழுக்க!

மார்ச் 7, வெள்ளி

செய்முறைத் தாளைத் தேடி எடுத்தேன். அச்சில் இருப்பது இரண்டு மணி நேரம். அதை அடித்துவிட்டு, பேனாவில், 'மறுநாள் காலை வரை'. அண்ணாவின் கையெழுத்து. துணுக்கு ஐந்து மணிக்கு வரும். அவர் பஸ் ஐந்தரைக்கு.

ஐந்தரை பஸ்ஸுக்காக என்னை இரண்டு மாதம் திட்டியிருக்கிறான். ஆமாம், -கிறான். இங்கே அப்படித்தான் எழுதுவேன்.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று தோல் பிரிவு நர்ஸ் அக்காவிடம் கையை நீட்டினேன். என் ரத்தம், மூன்று குழாய். நொதி இல்லாமல் ஒரு ராத்திரி: நூற்றுக்கு இருபத்தொரு செல்லில் ஏற்பி. நொதியில் இரண்டு மணி நேரம்: பத்தொன்பது. நொதியில் ராத்திரி முழுக்க: ஒன்று.

செல்கள் உயிரோடுதான் இருந்தன. முத்திரைதான் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

கூட்டத்தில் பேசினேன். முதல் வாக்கியம் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா" என்றார் ஆய்வகத்தை நடத்தும் மேடம். மூன்று எண்களையும் பலகையில் எழுதினேன்.

அண்ணா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நொதி எல்லாத்தையும் தின்னுடும்னு யாரு சொன்னா? உங்க வீட்ல யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

என் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்று அவருக்குத் தெரியும். அதற்காகவே கேட்டது.

"ஆமா. எங்கம்மா" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. செய்முறைத் தாளை வாங்கிப் பார்த்தார். "இதை மாத்துனது யாரு?"

"வசதிக்காகத்தான், மேடம்…" என்றார் அண்ணா.

பன்னிரண்டு பேரிடமும் மறுபடி கேட்டு, சம்மதித்தவர்களிடம் மட்டும் புதுத் துணுக்கு எடுக்கச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "ரெண்டு மாசமா உன் கையாலதானே ஊறப் போட்ட. ஏன்னு ஒரு தடவ கேட்டியா?"

இல்லை. கேட்கவில்லை. வீடு வரும்வரை எரிந்தது. மேடம் மேலா, என் மேலா?

மார்ச் 15, சனி

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. "திட்டு வாங்குனியா? நல்லது" என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

அம்மா வந்தாள். சட்டைக் கையை மடித்து, பழைய தையல் தழும்பைக் காட்டினாள். "இங்கயே எடுங்க. இன்னொரு எடம் எதுக்கு வீணா?"

தழும்பில் எடுக்கக் கூடாது, புதிய இடம் வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மற்றக் கைச் சட்டையை மடித்துக்கொண்டாள்.

ஐந்து பத்துக்கு ஊறவைத்தேன். ஏழு பத்து வரை நகரவில்லை. அண்ணா ஐந்தரை பஸ்ஸுக்குப் போகவில்லை. எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூற்றுக்குப் பதினேழு.