ஒரே உதறில் விரியும் போர்வை

என் அன்பு மகளுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் மேசை இழுப்பறையைக் குடைந்து அளவு நாடாவை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன், எதற்கென்று கடைசியில் சொல்கிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம், நீயும் அப்படியே என்று எழுதியிருந்தாய், ஆனால் அந்த இருமல் போனதை உன் குரலில் கேட்டால்தான் நம்புவேன். அப்பா உன் செடிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அதை மூழ்கடிக்கப் பார்க்கிறார், கேட்டால் பாசமாம்.

எங்கள் விண்வெளிக் காட்சியகத்தில் வெள்ளிக்கிழமை புதுக் கூடம் திறக்கிறார்கள். விண்ணுக்குப் போய்ப் பத்திரமாகப் பூமிக்குத் திரும்பிய நம் முதல் கலமும் அதன் பாராசூட்டும்தான் அதில் முக்கியம். அதற்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் விளக்கப் பலகையின் வாசகம் எழுதியவள் நான். கோப்பிலிருந்த ஆறு பொறியாளர்களின் பெயரைப் போட்டு, "மற்றும் உதவியாளர்கள்" என்று முடித்திருந்தேன். போன ஞாயிறு உன் பெரியம்மாவைச் சும்மா சுற்றிக்காட்டக் கூட்டிப்போனேன். பாராசூட் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்றவள் நகரவே இல்லை. "யாருடி இதை மடிச்சு வச்சது? கயிறெல்லாம் துணிக்கு அடியில போயிருக்கு. நாங்க இப்படி மடிச்சிருந்தா அன்னிக்கே கல்லு மாதிரி விழுந்திருக்கும்" என்றாள். பிறகு பாராசூட்டை மடித்து வைக்கும் பையின் உள்விளிம்பைக் காட்டினாள், அங்கே நான்கு நூல் முடிச்சுகள், இடப்பக்கம் திரும்பிய சிவப்பு முடிச்சு அவளுடையது. மடித்த பெண்கள் நால்வரும் ஆளுக்கொரு முடிச்சுப் போட வேண்டுமாம். "விரியாம போனா யாரைப் பிடிச்சு உலுக்கணும்னு தெரிய வேண்டாமா? விரிஞ்சிருச்சு, ஒருத்தரும் முடிச்சைப் பாக்கல" என்று சிரித்தாள். மற்ற மூவரின் பெயரையும் எந்த முடிச்சு யாருடையது என்பதையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

துணி மடிக்கிற வேலை என்றுதான் வீட்டில் சொல்வாள், நாமும் அத்தோடு விட்டுவிட்டோம். அவள் மடித்த போர்வை ஒரே உதறில் விரிவதை வைத்து நீயும் நானும் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்! இவ்வளவு படித்த நான், பக்கத்துப் படுக்கையில் தூங்கிய அக்காவிடம் அது என்ன துணி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதுதான் உறுத்துகிறது.

மேலாளரிடம் சொன்னேன். "கோப்புல இல்லையேம்மா, முடிச்சை நம்பி எப்படிப் பேர் போடறது? அதுவும் உங்க அக்கா வேற, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார். கயிற்றைச் சரிசெய்ய மட்டும் ஒப்புக்கொண்டார். பெரியம்மாவும் "எனக்கெதுக்குடி பலகை, கயித்தைப் பாரு" என்கிறாள். ஆனால் அன்று கிளம்பும்போது அந்தப் பலகையை அவள் இரண்டு தடவை படித்ததை நான் பார்த்தேன்.

வெந்நீர் குடி, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, பெரியம்மாவுக்கு இரண்டு வரியாவது எழுது. நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு கண்ணே.

நாடா விஷயம் சொல்லவில்லையே. மதியம் பலகையை அளந்தேன், "மற்றும் உதவியாளர்கள்" இருக்கும் இடத்தில் நான்கு பெயர்களும் தாராளமாக அடங்கும். வெள்ளிக்கிழமை காலை கூடத்தின் சாவி என்னிடம். கயிற்றைச் சரிசெய்ய என்று சொல்லி அக்காவை ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லியிருக்கிறேன். அவள் வருவதற்குள், நால்வர் பெயரோடு நானே செய்யக் கொடுத்திருக்கும் புதுப் பலகையை மாட்டிவிடுவேன், என் வேலை போனாலும் போகட்டும். இதை அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

உன் அம்மா