இடிச்சிறகன் உன் இலைக்கு வேண்டாம்

மாப்ள,

நேற்று உன் படையலிலிருந்து நான் பிடுங்கிக்கொண்டு வந்த காமிக்ஸ் புத்தகம் மேசைமேல் கிடக்கிறது. வழவழவென்ற தாள், மூக்கைத் துளைக்கும் புது மை வாசம். முன்பெல்லாம் அந்த வாசத்துக்காகவே பக்கத்தைப் பிரித்து முகர்ந்து பார்ப்போம். இன்று குமட்டுகிறது.

என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? உன் கருஞ்சிறகனையும் என் இடிவேலனையும் ஒரே ஆளாக்கிவிட்டார்கள். இத்தனை வருடம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு பதிப்பகங்களும் கைகோத்து, இடிச்சிறகன் என்று ஒன்றைப் பெற்றுப் போட்டிருக்கின்றன. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. உன் ஆள் முகமூடியைக் கழற்றவே மாட்டான், என் ஆள் போடவே மாட்டான் அல்லவா? இந்த இரண்டுங்கெட்டானுக்குப் பாதி முகத்தில் மட்டும் முகமூடி! ஒற்றைக் கண்ணுக்கு ஆபரேஷன் முடித்து வந்தவன் மாதிரி அட்டையில் நிற்கிறான். தூ!

திருச்செங்கோட்டிலிருந்து சேலத்துக்கு நாம் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போன வருடங்கள் முழுக்க இதே சண்டைதான். தலை நரைத்த பிறகும் ஓயவில்லை. "மொகத்தக் காட்டீட்டு நல்லது பண்றவன் மாலைக்குக் கழுத்த நீட்டறவன்டா" என்பாய். "மொகத்த மறைக்கறவனுக்கு என்னடா யோக்கியதை?" என்று நான் எகிறுவேன். ஆட்டையாம்பட்டி வருவதற்குள் பஸ் முழுக்க நம்மைத் திரும்பிப் பார்க்கும். "ஏனுங்க, ரெண்டு பேரும் எறங்கி அடிச்சு முடிச்சுட்டு அடுத்த வண்டீல வாங்க" என்று கண்டக்டர் கும்பிடுவார். மறுநாள் காலையில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பவனும் நீதான். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டப் பலர் இருந்தார்கள். மல்லுக்கு நிற்க நீ ஒருவன்தான் இருந்தாய். உன்னை எனக்குப் பிடித்ததே அதற்காகத்தான்.

நேற்று உனக்கு வருஷத் திதி. உன் வீட்டுக்காரி, தங்கச்சி, இலை போட்டு, உனக்குப் பிடித்ததெல்லாம் பரிமாறினாள். உன் மகன் இந்தக் கண்றாவியைக் கொண்டுவந்து உன் படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தான்.

"மாமா, நீங்களும் அப்பாவும் காலத்துக்கும் சண்டை கட்டுனீங்க. இப்பப் பாருங்க, ரெண்டும் ஒண்ணாப் போச்சுங்க" என்று சிரித்தான்.

பாவம், பிரியமாகத்தான் வைத்தான். ஆனால் கற்பூரம் ஏற்றுவதற்குள் எட்டி எடுத்துவிட்டேன். சொந்தக்காரர்கள் எல்லாம் விக்கித்துப் போனார்கள்.

"வேண்டாஞ் சாமி. உங்கொப்பன் இதப் பாத்தா சோத்துல கை வெக்க மாட்டான்" என்றேன்.

"பழைய பொஸ்தகமெல்லாம் கரையான் தின்னுருச்சுங்ணா. அப்பறம் எதைத்தான் வெக்கறது?" என்றாள் தங்கச்சி.

வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நாம் வழக்கமாக வாங்கும் கடைதான். கருஞ்சிறகன் புத்தகம் ஒன்று வேண்டும் என்றேன். என் ஆயுசில் நான் கேட்காத புத்தகம்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இடிவேலன் கட்சியாச்சேங்க?"

"ஆமாங்க. இது எதிராளிக்கு."

திரும்பி வந்தபோது இலையில் சோறு ஆறிப்போயிருந்தது. முழு முகமூடியோடு உன் ஆள் உன் படத்தருகில் உட்கார்ந்த பிறகுதான் கற்பூரம் ஏற்றினோம்.

கிளம்பும்போது தங்கச்சி அந்தக் கருஞ்சிறகன் புத்தகத்தை என்னிடமே கொடுத்தாள். ஒரு வரி விடாமல் படித்தேன். மாப்ள, உன் ஆள் சுத்த மோசம். ஊரையே காப்பாற்றிவிட்டு, நன்றி சொல்ல ஓடி வருகிறவளை ஏறெடுத்தும் பார்க்காமல் இருட்டுக்குள் போய் ஒளிகிறான். இதெல்லாம் ஒரு வீரமா? உன் பேரைச் சொல்லி வாய்விட்டே கேட்டேன். நீ பேசவில்லை.

அதனால் நான் ஜெயித்துவிட்டதாக ஆகாது.