சூடாக இருந்த பானெட்

ஜூன் 4
லாரி பார்த்தோம். பழைய டீசல் வண்டி, எங்கள் கைக்கு எட்டுகிற ஒன்று. அண்ணன் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தான். விற்பவர் ஓயாமல் பேசினார்: "குழந்தை மாதிரி தம்பி. தொட்டா எழுந்துக்கும்." சாவியைத் திருப்பியதும் எழுந்தது. பானெட்டின் மேல் சாம்பல் நிறப் பூனை ஒன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கை வைத்தேன். இளஞ்சூடு. பதினெட்டு வருடம் ஓடிய இரும்பில் இன்னும் உயிர் இருக்கிறது என்று தோன்றியது.
அண்ணன் தயங்கினான். "நீ படிச்சவ. நீ சொல்லு."
சொன்னேன். வாங்கலாம்.

ஜூன் 9
அண்ணன் கம்பெனி வேலையை விட்டுவிட்டான். பதினோரு வருடம் அடுத்தவர் வண்டி ஓட்டியாயிற்று. மேற்பார்வையாளர் சொன்னாராம்: "முதலாளி ஆயிட்டீங்க, எங்களை மறந்துடாதீங்க." அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். உள்பக்கம் ஒரு பல் இல்லை. எப்போது விழுந்தது? அவன் இப்படிச் சிரித்து எத்தனை வருடம்?
நாளை முதல் காய்கறி மொத்தக் கடைக்குச் சுமை. விடிகாலை ஐந்து மணிக்கு அங்கே நிற்க வேண்டும்.

ஜூன் 10
ஸ்டார்ட் ஆகவில்லை.

ஜூன் 11
வெள்ளைப் புகை. இருமல். பிறகு ஒன்றுமில்லை. வண்டி கிளம்ப ஆறே முக்கால். போனில் கடைக்காரர்: "கீரை உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காதுப்பா."

ஜூன் 14
மெக்கானிக் பானெட்டுக்குள் விட்ட தலையை வெளியே எடுக்காமலே கேட்டார். "பாக்கப் போனப்போ இன்ஜின் ஆறி இருந்துச்சா, சூடா இருந்துச்சா?"
அண்ணன் என்னைப் பார்த்தான்.
"சூடா."
"அப்ப நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓடவிட்டிருக்கான்மா. உள்ளே தேஞ்சு போச்சு. சூட்டுல ஓடும், ஆறினா எழுந்துக்காது. பழைய டீசல் வண்டின்னா முதல்ல பானெட்டைத் தொட்டுப் பாக்கணும். சூடா இருந்தா அப்படியே திரும்பி வந்துடணும்."
தொட்டேனே. நான்தானே தொட்டேன்.

ஜூன் 15
அண்ணி: "அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து பூனைக்கு மெத்தை வாங்கியிருக்கீங்க."
யாரும் சிரிக்கவில்லை. அண்ணியும்தான்.

ஜூன் 22
தெருமுனை இறக்கத்தில் நிறுத்துகிறோம். காலையில் நான் தள்ளுகிறேன், அண்ணி தள்ளுகிறாள், பால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து தள்ளுகிறார். சில நாள் ஓடுகிறது. திட்டேன் அண்ணா. ஒரு வார்த்தை திட்டித் தொலையேன் —

ஜூன் 30
கடைக்காரர் வேறு வண்டி வைத்துக்கொண்டார்.

ஜூலை 6
லாரியை விற்றுவிடுவது என்று முடிவு. அதைப் பார்க்கப் பத்து மணிக்கு ஓர் அப்பாவும் மகளும் வருவதாக இருந்தது. அண்ணன் பிள்ளையைப் பள்ளியில் விடப் போயிருந்தான். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் மெக்கானிக்கைக் கூட்டி வந்து ஓடவைத்தேன். அரை மணி நேரம் உறுமவிட்டு அணைத்தோம்.
கையைத் துடைத்துக்கொண்டே அவர், "கத்துக்கிட்டியேம்மா" என்றார்.
நெறிமுறை பற்றி எண்பது பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவள் நான்.
வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பானெட்டில் கை வைத்தாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குள் திரும்பியிருந்த அண்ணனும் அவள் கைக்குப் பக்கத்தில் கை வைத்தான். சட்டென்று எடுத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.
"இன்னைக்கு வேணாம் சார். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க. ஆறின பிறகு பாருங்க."

ஜூலை 7
வந்தார்கள். பார்த்தார்கள். போனார்கள்.

ஜூலை 15
அண்ணன் பழைய கம்பெனிக்கே போய்விட்டான். ஓட்டுநர் இடத்தில் வேறு ஆள். இவனுக்கு மூட்டை ஏற்றுகிற வேலை. "வாங்க முதலாளி" என்றாராம் மேற்பார்வையாளர். இதை அவன் சொல்லவில்லை, அண்ணி சொன்னாள்.
லாரி இறக்கத்திலேயே நிற்கிறது. இன்று காலை தெருப்பூனை ஒன்று பானெட்டில் ஏறியது. ஒரு சுற்றுச் சுற்றியது. படுக்கப் போனது. படுக்கவில்லை. இறங்கிப் போய்விட்டது.